டூட்டி மாறும் நேரத்தில் ஸ்ட்ரெச்சர் ஏன் நகர்வதில்லை?

"டூட்டி மாறிட்டிருக்கு, கொஞ்சம் பொறுங்க."

அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று பழகியவர்களுக்கு இந்தப் பதில் புதிதில்லை. மேலே வார்டில் பெட் ஒதுக்கியாகிவிட்டது. அட்மிஷன் தாள் கேஸ் ஷீட்டோடு சேர்ந்துவிட்டது. டியூட்டி டாக்டர் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் நோயாளி கிளம்பவில்லை. அரை மணி என்றது ஒரு மணியாகிறது, ஒரு மணி இரண்டாகிறது. மறுபடி கேட்டால் அதே பதில்தான். சொல்பவர் மட்டும் புது முகம்.

உடன் இருப்பவர்களின் கோபம் எதிரே நிற்கிற நர்ஸ் மேல்தான் திரும்பும். வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இழுத்தடிக்கிறார்கள் என்று நினைப்போம். பெரும்பாலும் அது தவறான கணிப்பு. தாமதம் உண்மை, அதில் இருக்கும் ஆபத்தும் உண்மை. ஆனால் அதற்கான காரணம் அந்த நர்ஸுக்கு எட்டாத இடங்களில் காலையிலேயே உருவாகிவிடுகிறது.

மருத்துவமனைப் பேச்சில் 'ஷிப்ட்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. பணியாளர்கள் டூட்டி மாறுவதும் ஷிப்ட். நோயாளியை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குக் கொண்டுபோவதும் 'ஷிப்ட் பண்றது'. சொல் ஒன்றாக இருப்பது பொருத்தம்தான். இரண்டிலும் ஒருவர் கவனித்துக்கொண்டிருந்த உயிரை இன்னொருவர் பொறுப்பில் விடுகிறார்கள். டூட்டி மாறும்போது நோயாளி அதே இடத்தில் இருக்க, பார்ப்பவர் மாறுகிறார். வார்டு மாறும்போது நோயாளியும் மாறுகிறார், பார்ப்பவரும் மாறுகிறார். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோதினால் என்ன ஆகிறது பாருங்கள். அவசரப் பிரிவில் ஆறு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், அடுத்து வந்த நர்ஸிடம் விவரம் சொல்கிறார். அந்தப் புதியவர் வார்டு நர்ஸிடம் ஃபோனில் சொல்கிறார். ஃபோனை எடுத்தவர் டூட்டி முடிந்து கிளம்புகிறவர் என்றால், அவர் தனக்கு அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். கடைசியாக நோயாளியை வாங்கிக்கொள்கிறவருக்கு வந்து சேர்வது மூன்று வாய் மாறிய விவரம். நடுவில் இருந்தவர்களில் ஒருவர் அந்த நோயாளியைச் சில நிமிடங்களே பார்த்திருப்பார். இன்னொருவர் பார்த்ததே இல்லை.

ஒரு நோயாளியை நகர்த்துவதற்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. பெட் காலியானால் போதாது, சுத்தமாகவும் இருக்க வேண்டும். முன்பு படுத்திருந்தவருக்குத் தொற்று இருந்திருந்தால் கிருமிநாசினியால் துடைத்து, அது வேலை செய்யக் குறிப்பிட்ட நிமிடங்கள் ஈரமாகவே விட்டு, பிறகுதான் புது விரிப்பு. அந்தப் பெட் தயார் என்று கம்ப்யூட்டரிலோ பலகையிலோ யாராவது பதிய வேண்டும். துடைத்து முடித்தவர் பதியாமல் போனால் தயாரான பெட் யார் கண்ணுக்கும் தெரியாமல் காத்துக் கிடக்கும். வார்டு நர்ஸிடம் நோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டும். கூடவே கொடுக்க வேண்டிய மருந்து, எடுத்த ரத்தப் பரிசோதனை, வராத ரிசல்ட் எல்லாம் எழுத வேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வேண்டும். இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டரோடு போக வேண்டியவர் என்றால் கூடவே ஒரு நர்ஸும் போக வேண்டும்; அவர் திரும்பி வரும் வரை அவருடைய மற்ற நோயாளிகளை யாராவது பார்க்க வேண்டும். லிஃப்ட் வேண்டும். இந்தச் சங்கிலியில் பெட்டைத் துடைப்பவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், நர்ஸ் எல்லாருக்கும் தனித்தனி டூட்டி நேரம். பல இடங்களில் அவை எல்லாமே அரை மணி இடைவெளிக்குள் மாறுகின்றன.

ஆக்ஸிஜனை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஸ்ட்ரெச்சருக்கு அடியில் வைத்துத் தள்ளுகிற 'ஈ' அளவு சிலிண்டரில், முழுதாக நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 660 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வேண்டிய நோயாளிக்கு அது 66 நிமிடம் வரும். அளவு காட்டும் முள் பாதியில் நின்றால் 33 நிமிடம். வழக்கமான நாளில் பக்கத்துக் கட்டடத்து ஐசியுவுக்குப் போக இது தாராளம். ஆனால் நோயாளியைச் சுவர் இணைப்பிலிருந்து கழற்றிச் சிலிண்டருக்கு மாற்றிய பிறகு, "அங்கே டூட்டி மாறுது, பத்து நிமிஷம் கழிச்சு வாங்க" என்று தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் இருபதாகிறது. சிலிண்டரைத் திறந்துவிட்ட நர்ஸ் தன் டூட்டியை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டார். திறந்தது எத்தனை மணிக்கு என்பது ஒப்படைத்த விவரங்களில் இல்லை. முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மருந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப்பின் பேட்டரிக்கும் இதே கதிதான். நின்ற இடத்திலேயே நிற்கிற ஸ்ட்ரெச்சர் பாதுகாப்பாக இருப்பதுபோலத் தெரியும். பயணத்துக்குத் தயார் செய்த பிறகு காத்திருக்கும் நோயாளியோ வார்டில் இருப்பவரைவிடக் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்.

இப்போது வார்டு நர்ஸின் பக்கத்திலிருந்து பார்ப்போம். புதிதாக வரும் ஒரு நோயாளியை வாங்கிக்கொள்வது என்றால் ரத்த அழுத்தம், நாடி, ஆக்ஸிஜன் அளவு பார்ப்பது, ஒவ்வாமை கேட்பது, வீட்டில் சாப்பிடும் மருந்துகளை எழுதுவது, விழும் அபாயம், படுக்கைப்புண் அபாயம் கணிப்பது, டாக்டர் உத்தரவுகளைச் சரிபார்ப்பது என்று அரை மணிக்குக் குறையாத வேலை. டூட்டி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தால் அதை அரைகுறையாகத்தான் செய்ய முடியும். அரைகுறையாக விட்டதை அடுத்தவர் 'முடிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்வார். டூட்டிக்கு இப்போதுதான் வந்தவரோ தன் பங்குக்கு வரும் ஏழெட்டுப் பேரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். யாருக்கு ரத்தம் ஏறுகிறது, யாருக்கு இரவில் சர்க்கரை இறங்கியது என்பதைக் கேட்கும் நிமிடங்கள் அவை. அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்ட்ரெச்சர் நுழைந்தால் கேட்டுக்கொண்டிருந்தது பாதியில் அறுந்துபோகும். "இப்போது அனுப்பாதீர்கள்" என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் காப்பாற்ற நினைப்பது ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் நோயாளிகளை.

இந்த நியாயத்திலிருந்துதான் பல மருத்துவமனைகளில் எழுதப்படாத ஒரு வழக்கம் வந்திருக்கிறது: டூட்டி மாறுவதற்கு முன்னும் பின்னுமாக அரை மணியோ முக்கால் மணியோ யாரையும் அனுப்பக் கூடாது. சில இடங்களில் இது எழுதிவைத்த விதியாகவே இருக்கிறது. அரை மணி என்றால் அரை மணிதானே தாமதம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி வராது.

ஒரு வார்டுக்கு மாலை நேரத்தில் மணிக்கு 3 பேர் வருகிறார்கள், அந்த வார்டால் மணிக்கு 4 பேரை வாங்கிக்கொள்ள முடியும் என்று வைப்போம். 6.30 முதல் 7.30 வரை ஒரு மணி நேரம் கதவை அடைக்கிறார்கள். 7.30-க்கு 3 பேர் தேங்கி நிற்கிறார்கள். கதவு திறந்த பிறகும் மணிக்கு 3 பேர் புதிதாக வந்துகொண்டே இருப்பதால், தேக்கத்தைக் கரைக்க மிஞ்சுவது மணிக்கு ஓரிடம்தான். ஆக, 3 பேரின் தேக்கம் கரைய 3 மணி நேரம் ஆகிறது. ஒரு மணி நேர நிறுத்தத்தின் எதிரொலி 10.30 வரை கேட்கிறது. 9 மணிக்கு வந்த நோயாளியின் குடும்பத்துக்குத் தாங்கள் காத்திருப்பதற்குக் காரணம் 6.30-க்கு நடந்த ஒன்று என்று தெரிய வழியே இல்லை. வார்டுக்கு உபரித் திறன் அறவே இல்லாத நாளில் இந்தத் தேக்கம் அந்த ஷிப்ட்டுக்குள் கரையாது. அடுத்த டூட்டி மாற்றத்தின் தலையில் போய் விழும்.

அதனால்தான் படுக்கைகள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்பது இங்கே முக்கியமாகிறது. பேகஸ்ட் என்பவரும் சகாக்களும் 1999-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஒரு கணக்கு மாதிரியை வெளியிட்டார்கள். சராசரிப் படுக்கை நிரப்பு 85 சதவீதத்தைத் தாண்டும்போதே அவசர நோயாளிக்குப் பெட் கிடைக்காத அபாயம் தெரிய ஆரம்பிக்கிறது. 90 சதவீதத்துக்கு மேல் போனால் நெருக்கடி வாடிக்கையாகிவிடுகிறது என்றது அது. காலிப் படுக்கையை வீண் செலவு என்று பார்க்கிற நிர்வாகங்கள் மாலை 7 மணித் தேக்கத்தைப் பார்த்து ஆச்சரியப்பட உரிமை இல்லாதவை என்பது என் எண்ணம்.

தேக்கம் குறிப்பாக மாலை டூட்டி மாற்றத்தில் மோசமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது காலையில் தொடங்குகிறது. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து ஒவ்வொருவராகப் பார்த்து முடிக்கும்போதுதான் யார் வீட்டுக்குப் போகலாம் என்பது முடிவாகும். அதன்பிறகு டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, மருந்து வாங்குவது, கணக்கு முடிப்பது, அழைத்துப் போக ஆள் வருவது. பெட் உண்மையிலேயே காலியாகப் பிற்பகல் ஆகிவிடும். துடைத்து விரித்துத் தயாராகும்போது சாயங்காலம். மறுபக்கம் அவசரப் பிரிவில் முற்பகலிலிருந்தே கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும். அவர்களுக்குப் பரிசோதனை முடிந்து 'அட்மிட்' என்று முடிவாகிற நேரமும் பிற்பகலும் சாயங்காலமும்தான். அறுவை அரங்கில் காலையில் தொடங்கியவை முடிந்து நோயாளிகள் வெளியே வருவதும் அப்போதுதான். மூன்று திசையிலிருந்தும் வருகிற ஸ்ட்ரெச்சர்கள் ஒரே வாசலில் கூடுகிற வேளையில் வாசலில் நிற்பவர்கள் ஆள் மாறுகிறார்கள். டூட்டி நேரத்தைத் தீர்மானித்தவர், ரவுண்ட்ஸ் நேரத்தைத் தீர்மானித்தவர், அறுவை அட்டவணை போட்டவர் என மூவரும் தனித்தனியாகச் சரியாகவே யோசித்திருக்கலாம். மூன்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

காத்திருப்பு எரிச்சலோடு முடிந்தால் இதைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அமெரிக்க ஐசியுக்களின் தரவுகளை வைத்து 50,322 நோயாளிகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. அவசரப் பிரிவிலிருந்து ஐசியுவுக்குப் போக 6 மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருந்தவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 17.4 சதவீதம், மற்றவர்களில் 12.9 சதவீதம். 2022-இல் 'எமர்ஜென்சி மெடிசின் ஜர்னல்' வெளியிட்ட இங்கிலாந்து ஆய்வு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அனுமதிகளைப் பார்த்தது. வந்ததிலிருந்து 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் வார்டுக்குப் போகாமல் தாமதப்பட்ட ஒவ்வொரு 82 பேருக்கும் 30 நாளுக்குள் ஒரு கூடுதல் மரணம் என்று அது கணக்கிட்டது. இவை தாமதத்துக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டுகிற ஆய்வுகள். தாமதம் மட்டுமே கொன்றது என்று நிரூபிப்பவை அல்ல. டூட்டி மாற்றத் தாமதத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தவையும் அல்ல. ஆனாலும் நீளும் காத்திருப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் பங்கு உண்டு, டூட்டி மாற்றம் அதில் ஒரு துண்டு.

உடம்பில் அது எப்படித் தீங்காகிறது? பெரும்பாலும் சத்தமில்லாமல். கிருமி ரத்தத்தில் பரவிய நோயாளிக்கு முதல் ஆன்டிபயாடிக் ஊசியை அவசரப் பிரிவு போட்டுவிடும். அதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். சில மருந்துகளுக்கு ஆறு மணியோ எட்டு மணியோ கழித்து அடுத்த ஊசி வேண்டும். அது வார்டின் வேலை என்று அவசரப் பிரிவு நினைக்கிறது. நோயாளி இன்னும் மேலே வரவே இல்லை என்கிறது வார்டு. இரண்டு பட்டியலிலும் இல்லாமல் அந்த ஊசி விழுந்துவிடுகிறது. வலிப்பு மாத்திரை, பார்கின்சன் மாத்திரை, இன்சுலின் என்று வீட்டில் நேரம் தவறாமல் எடுத்துக்கொண்டவை இப்படித்தான் தவறுகின்றன. டாக்டர்கள் மட்டத்திலும் இதே இடைவெளி உண்டு. அட்மிட் ஆனதும் இவர் நம் கணக்கில் இல்லை என்று அவசரப் பிரிவு மனசளவில் விலகுகிறது. இன்னும் நேரில் பார்க்காததால் இவர் நம் கணக்குக்கு வரவில்லை என்று வார்டு டாக்டர் இருக்கிறார். ஸ்ட்ரெச்சரில் இருப்பவர் யாருடையவரும் இல்லாமல் போகிறார். எனக்கு இந்த விஷயத்தில் பெரிய கவலை தாமதத்தைப் பற்றியதைவிட இந்த யாருமற்ற நேரத்தைப் பற்றியதுதான்.

கைமாற்றத்தில், அதாவது நோயாளியை ஒருவர் இன்னொருவர் பொறுப்பில் விடும்போது, நழுவும் தகவலைப் பற்றி மருத்துவ உலகம் தீவிரமாக யோசிக்கத் தொடங்கியதற்கு ஒரு பின்னணி உண்டு. 1984-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயதுப் பெண் இறந்தது, பயிற்சி டாக்டர்களின் இடைவிடாத வேலை நேரத்தைப் பற்றிய பெரும் விவாதமாயிற்று. 1989-இல் அந்த மாகாணம் வாரத்துக்கு 80 மணி நேர வரம்பை அமலாக்கியது. 2003-இல் அது அமெரிக்கா முழுவதுக்கும் பயிற்சி விதியானது. களைப்பு குறைந்தது நல்லதே. ஆனால் வேலை நேரம் சுருங்கச் சுருங்க கைமாற்றங்கள் பெருகின. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 9 நோயாளிப் பாதுகாப்புத் தீர்வுகளில் ஒன்று கைமாற்றத் தகவல் தொடர்பைப் பற்றியது. அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களின் வழக்கத்திலிருந்து வந்த 'எஸ்பார்' முறையும் (இப்போதைய நிலை, பின்னணி, கணிப்பு, பரிந்துரை என்ற வரிசையில் பேசுவது) அந்தக் காலத்தில்தான் வார்டுகளுக்குள் பரவியது.

இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் அனுபவம். இதய அறுவை முடிந்த குழந்தையை அரங்கிலிருந்து ஐசியுவுக்கு மாற்றும் நிமிடங்கள் அங்கே சலசலப்பாக இருந்தன. ஒருவர் வென்டிலேட்டரை மாட்ட, இன்னொருவர் குழாய்களைப் பிரிக்க, அதே நேரத்தில் மூன்றாமவர் நோய் விவரம் சொல்லிக்கொண்டிருப்பார். கார் பந்தயத்தில் சில நொடிகளில் சக்கரம் மாற்றும் ஃபெராரி குழுவினரிடம் போய் அவர்கள் கற்றார்கள். அதன் பிறகு வந்த ஒழுங்கு எளிமையானது. முதலில் கருவிகளை மாற்றி முடிப்பது. அந்த நேரத்தில் நோய் விவரம் பேசக் கூடாது. பிறகு எல்லாரும் நின்று கேட்க, பட்டியல்படி தகவல் சொல்வது. அதன் பின் அடுத்து என்ன என்று பேசுவது. யார் தலைமை என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். 2007-இல் வெளியான முடிவுகளின்படி, ஒரு கைமாற்றத்துக்குச் சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பத் தவறுகள் 3.15 ஆயின, விடுபட்ட தகவல்கள் 2.09-லிருந்து 1.07 ஆயின. எடுத்துக்கொண்ட நேரமும் 10.8 நிமிடத்திலிருந்து 9.4 நிமிடமாகக் குறைந்தது.

ஒழுங்காகச் சொன்னால் நேரம் பிடிக்கும், அதற்கெல்லாம் ஆள் இல்லை என்பது வார்டுகளில் வழக்கமாக எழும் மறுப்பு. மேலே சொன்னதோடு, 2014-இல் 9 மருத்துவமனைகளில் 10,740 அனுமதிகளைப் பார்த்த 'ஐ-பாஸ்' ஆய்வும் அதற்குப் பதில் சொல்கிறது. அங்கே பயிற்சி டாக்டர்கள் நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, எதிர்பாராதது நடந்தால் என்ன செய்வது என்ற வரிசையில் சொல்ல, வாங்கிக்கொள்கிறவர் கேட்டதைத் திருப்பிச் சொன்னார். மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 30 சதவீதமும் குறைந்தன. வாய்மொழிக் கைமாற்றத்துக்கு ஒரு நோயாளிக்கு முன்பு 2.4 நிமிடம், பின்பு 2.5 நிமிடம்.

அப்படியானால் டூட்டி மாற்ற நேரத்தில் என்ன செய்யலாம்? எல்லா நோயாளிக்கும் பொதுவாகக் கதவை அடைப்பது சரியல்ல என்று நினைக்கிறேன். ஐசியு போக வேண்டியவருக்குக் கடிகாரம் பார்க்கக் கூடாது. நிலை சீராக உள்ளவர் இருபது நிமிடம் பொறுத்துப் போவது அவருக்கே நல்லது. இந்தப் பிரிவினையை நோயாளியைப் பார்த்த டாக்டர் செய்ய வேண்டும், கடிகாரம் செய்யக் கூடாது. அவசரப் பிரிவின் டூட்டி நேரத்தையும் வார்டின் டூட்டி நேரத்தையும் ஒரு மணி தள்ளிவைத்தால், ஒரு பக்கமாவது எப்போதும் நோயாளியை அறிந்தவர் இருப்பார். இதற்குச் செலவு குறைவு, ஆனால் பேருந்து நேரத்திலிருந்து குழந்தையின் பள்ளி நேரம் வரை பணியாளர்களின் வாழ்க்கை அதில் பின்னிக் கிடக்கிறது. அவர்களைக் கேட்காமல் மாற்றினால் அது நிலைக்காது. புது அட்மிஷன்களை வாங்கிக்கொள்ளவே மாலையில் ஒரு நர்ஸைத் தனியாக வைக்கிற இடங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் ஒரு வார்டுக்குக் கூடுதலாக ஒரே ஓர் ஆள் கிடைத்தால் அவரை இந்த வேலையில்தான் போட வேண்டும்.

நண்பகலுக்குள் டிஸ்சார்ஜ் என்ற இலக்கை வைத்துப் பல நிர்வாகங்கள் முயல்கின்றன. காலையில் பெட் காலியானால் மாலை மோதல் குறையும் என்பது சரியான யோசனை. ஆனால் முதல் நாள் இரவு 8 மணிக்கே போகக்கூடியவரை மறுநாள் காலைக் கணக்கில் சேர்ப்பதற்காக நிறுத்திவைத்தால், இலக்கு நிறைவேறும், படுக்கை ஒரு ராத்திரி வீணாகும். ரவுண்ட்ஸைப் போகக்கூடியவர்களிடமிருந்து தொடங்குவது இதைவிட நேர்மையான வழி.

உடன் இருப்பவர்களால் லிஃப்டைச் சீக்கிரம் வரவழைக்க முடியாது. ஆனால் அந்த யாருமற்ற நேரத்தில் நோயாளியோடு தொடர்ந்து இருப்பவர்கள் அவர்கள் மட்டும்தான். எந்த டூட்டி மாற்றமும் அவர்களைத் தொடுவதில்லை. "எப்போ மேல போவோம்" என்று பத்து முறை கேட்பதைவிட, "போகிற வரைக்கும் இவரைப் பார்த்துக்கிற சிஸ்டர் யாரு, டாக்டர் யாரு?" என்று ஒரு முறை கேட்டு அந்தப் பெயர்களை வாங்கிக்கொள்வது பலன் தரும். கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது, அடுத்தது எப்போது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தப் பரிசோதனை ரிசல்ட் வரவில்லை என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருங்கள். ஸ்ட்ரெச்சர் கிளம்பும்போது சிலிண்டர் முள் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். வார்டில் நோயாளியை வாங்கிக்கொள்கிற நர்ஸ் கேஸ் ஷீட்டைத் திறக்கும்போது அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.